ஈயம் போட்ட வேடம்

போக்குவரத்து மிகுந்த சாலையோரத்தில் கூரை வைத்த புறாக்கூண்டு போல ஒரு தகரப் பெட்டி நிற்பதைச் சிலர் பார்த்திருக்கலாம். உள்ளே மோட்டார் ஒன்று ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். கூரைக்கு அடியில் நோட்டுப் புத்தகத் தாள் அளவில் குவார்ட்ஸ் இழையால் ஆன வடிதாளை விரித்திருப்பார்கள். நிமிடத்துக்கு ஒரு கன மீட்டருக்குச் சற்று மேலாக அந்தப் பெட்டி காற்றை உறிஞ்சும். ஒரு நாள் முழுக்க ஓடினால் சுமார் 1,600 கன மீட்டர். பால் வெள்ளையாக உள்ளே போன தாள் மறுநாள் அடுப்புக்கரி தடவியது போல வெளியே வரும். ஓரளவு அழுக்கான நகரமென்றால் அதில் 100 மில்லிகிராம் தூசு ஒட்டியிருக்கும். ஒரு சிட்டிகை உப்புகூட அதைவிட அதிகம்.

அந்தத் தூசில் பிளாட்டினம் எவ்வளவு இருக்கும்? ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களில் அளந்தவர்களுக்குக் கிடைத்தது, கன மீட்டர் காற்றுக்குச் சில பிக்கோகிராமிலிருந்து சில பத்து பிக்கோகிராம் வரை. கணக்குக்கு ஐந்து என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் தாளில் 8,000 பிக்கோகிராம், அதாவது 8 நானோகிராம் சேரும். ஒரு கிராமை நூறு கோடிக் கூறாக்கி, அதில் எட்டுக் கூறு.

கேட்கும்போது ஒன்றுமே இல்லாதது போலத் தோன்றும். ஆனால் ஒரே ஒரு பிக்கோகிராம் பிளாட்டினத்தில் 300 கோடிக்கும் மேற்பட்ட அணுக்கள் இருக்கின்றன. எண்ணுவதற்கு அணுவுக்குப் பஞ்சமில்லை. அவற்றோடு வந்திருக்கும் கூட்டம்தான் தொல்லை. அந்தக் கூட்டத்தில் பிளாட்டினத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு உள்ளே நுழையப் பார்க்கும் ஆட்களைப் பிரிப்பதுதான் இந்த அளவீட்டின் வேலையில் முக்கால்வாசி.

முதலில், பிளாட்டினம் அங்கே ஏன் வந்தது? பூமியின் மேலோட்டில் சாதாரணப் பாறையிலும் மண்ணிலும் பிளாட்டினம் நூறு கோடியில் அரைப் பங்கு. பல்லேடியமும் ஏறக்குறைய அதே அளவு. ரோடியம் அதில் பத்தில் ஒன்றுதான். நம் தாளில் உள்ள தூசில் பிளாட்டினம் நூறு கோடியில் 80 பங்கு. மண்ணில் இருப்பதைப் போல 160 மடங்கு. காற்றில் பறந்த மண் மட்டும் இதைத் தர முடியாது.

தருவது காரின் அடிவயிற்றில், எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் நடுவே இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். பிரித்துப் பார்த்தால் தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி. அதன் நுண்ணிய குழாய்களின் உட்சுவரில் அலுமினா பூச்சு. அந்தப் பூச்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத பொட்டுகளாகப் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். எல்லாம் சேர்ந்து ஒரு காருக்குச் சில கிராம். கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் எரித்து முடிப்பது முதல் இரண்டின் வேலை. நைட்ரஜன் ஆக்சைடுகளை உடைத்து வெறும் நைட்ரஜனாக்கி அனுப்புவது பெரும்பாலும் ரோடியத்தின் வேலை. வினையூக்கி தன்னை இழப்பதில்லை என்று பள்ளியில் படித்திருப்போம். வேதியியல் அளவில் அது சரி. ஆனால் சாலை என்று ஒன்று இருக்கிறதே. பள்ளத்தில் விழுந்து எழும் அதிர்ச்சி, குளிர்ந்த எஞ்சின் சில நிமிடத்தில் நூற்றுக்கணக்கான டிகிரிக்குத் தாவும் வெப்ப அதிர்ச்சி, சரியாக எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிவது எல்லாம் சேர்ந்து அலுமினா பூச்சைத் துளித்துளியாகப் பெயர்த்துவிடும். பெயரும் பொடியின் முதுகில் உலோகமும் ஏறிக்கொள்கிறது.

ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கார் இழப்பது சில பத்து நானோகிராம். 50 என்று கொண்டால், ஆண்டுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடும் பத்து லட்சம் கார்கள் உள்ள நகரம் தன் சாலைகளில் ஆண்டுக்கு அரைக் கிலோ விலையுயர்ந்த உலோகத்தைத் தூவுகிறது. நகைக்கடைக்காரருக்குப் பெரிய அளவு. ஒரு நகரத்தின் புழுதியில் கரைந்த பிறகு யாருக்கும் தென்படாத அளவு.

இந்தக் கதையில் ஈயத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1921இல் ஜெனரல் மோட்டார்ஸில் தாமஸ் மிட்ஜ்லி பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தால் எஞ்சின் தட்டாமல் ஓடும் என்று கண்டார். அடுத்த அரை நூற்றாண்டு உலகத்துச் சாலைகளெல்லாம் ஈயப்புகையில் நனைந்தன. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டு மாடல் கார்களில் கன்வெர்ட்டர் வந்தபோது ஒரு சிக்கல்: ஈயம் போய்ப் பிளாட்டினத்தின் மேல் படிந்தால் பிளாட்டினம் செயலிழந்துவிடும். ஆகவே ஈயம் இல்லாத பெட்ரோல் வேண்டியிருந்தது. ஈயம் பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கிறது என்பதற்கு அப்போதே சான்றுகள் இருந்தன. ஆனாலும் ஈயம் பம்பிலிருந்து வெளியேறத் தொடங்கியதில் கன்வெர்ட்டரைக் காப்பாற்றும் அவசரத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை யோசித்தால் சற்றுக் கசக்கத்தான் செய்கிறது. இந்தியாவிலும் இரண்டும் கைகோத்தே வந்தன. 1995 ஏப்ரலில் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. ஈயமில்லாப் பெட்ரோலும் அங்கேதான் முதலில் ஊற்றப்பட்டது. 2000இல் நாடு முழுக்க ஈயப் பெட்ரோல் நின்றது.

ஈயம் போனது, பிளாட்டினம் வந்தது. வந்ததை முதலில் தெளிவாகக் காட்டியவர்கள் ஹாட்ஜ், ஸ்டாலர்ட் என்ற இரு ஆய்வாளர்கள். 1986இல் கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில், நெடுஞ்சாலையோரச் செடிகளின் அகன்ற இலைகளில் படிந்திருந்த தூசை எடுத்துப் பார்த்தார்கள். சில இடங்களில் பிளாட்டினம் பத்து லட்சத்தில் ஒரு பங்கை நெருங்கியது. ஜெர்மனியில் பிராங்க்பர்ட் பகுதிக் காற்றை 1988 முதல் 1998 வரை தொடர்ந்து பார்த்த ஆய்வு இன்னும் அழுத்தமானது: பத்தே ஆண்டில் பிளாட்டினம் 46 மடங்கும் ரோடியம் 27 மடங்கும் கூடியிருந்தன. ஒரு சட்டம் அமலுக்கு வந்ததை இவ்வளவு துல்லியமாகக் காற்றில் படிக்க முடிந்த சந்தர்ப்பங்கள் குறைவு.

இனி ஆய்வுக்கூடத்துக்குள் போகலாம்.

வடிதாளின் ஒரு பகுதியை வெட்டி ராஜ திராவகத்தில் போட்டு, மூடிய பாத்திரத்தில் அழுத்தத்தோடு சூடாக்குவார்கள். மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஒரு பங்கு நைட்ரிக் அமிலம்; தங்கத்தையே கரைப்பதால் அந்தப் பெயர். கரைசலைச் சன்னமான தூவலாக்கி ஆர்கான் பிளாஸ்மாவுக்குள் செலுத்துவார்கள். சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடான அந்தச் சுடரில் மூலக்கூறுகள் உடைந்து, அணுக்கள் எலக்ட்ரானை இழந்து அயனிகளாகும். அவை நிறை நிறமாலைமானி என்ற கருவிக்குள் நுழையும். அது அயனிகளை நிறைவாரியாகப் பிரித்து ஒவ்வொன்றாக எண்ணும்.

அதற்கு முன்பே ஒரு கண்டம் இருக்கிறது. எட்டு நானோகிராமைத் தேடும் இடத்தில், அமிலத்திலும் தாளிலும் ஆளின் கையிலும் எவ்வளவு இருக்கிறது? பகுப்பாய்வுக்கூடங்களில் பிளாட்டினத்துக்குப் பஞ்சமே கிடையாது. எளிதில் எதிலும் கரையாத உலோகம் என்பதால் உருக்கும் மூசையே பிளாட்டினத்தில் செய்வார்கள். ஹைட்ரோபுளோரிக் அமிலத்தைத் தாங்க வேண்டும் என்று, பிளாஸ்மாவிலிருந்து அயனிகளை உள்ளே வாங்கும் கூம்பின் முனையைக்கூடப் பிளாட்டினத்தில் வைக்கும் கருவிகள் உண்டு. பிளாட்டினம் வழியாகப் பிளாட்டினத்தை அளந்தால் விளங்குமா? நிக்கல் கூம்பு மாட்டுவார்கள். மூசையை ஒளித்து வைப்பார்கள். கல்யாண மோதிரம் வெளியே இருக்கும். ஒன்றும் உறிஞ்சாத வெற்றுத் தாளை அதே அமிலத்தில், அதே பாத்திரத்தில் கரைத்து அளந்து, அதைக் கழிப்பார்கள். இந்தப் பாடத்தை உலகுக்குக் கற்றுக்கொடுத்தவர் கிளேர் பேட்டர்சன். பூமிக்கு வயது 455 கோடி ஆண்டு என்று கண்டவர். அந்தக் கணக்குக்காக ஈயத்தை அளக்கப் போய், தன் ஆய்வுக்கூடத்தின் தூசிலும் அமிலத்திலும் தண்ணீரிலும் ஈயம் மொய்ப்பதைக் கண்டு, கடைசியில் அறையையே கழுவிக் காற்றையும் வடிகட்டிய பிறகுதான் சரியான எண்ணைப் பார்த்தார்.

சுத்தம் செய்தாகிவிட்டது. இப்போது கருவிக்கு முன் உட்காருவோம். நிறை நிறமாலைமானி புத்திசாலி என்று நினைக்கக்கூடாது. கல்யாண வீட்டு வாசலில் தராசோடு உட்கார்ந்திருக்கும் கண் தெரியாத காவலாளி அது. எடையைப் பார்த்துத்தான் ஆளைச் சொல்லும். இரண்டு பொடியன்கள் கைகோத்துக்கொண்டு தராசில் ஏறினால் மாமா வந்துவிட்டார் என்று எழுதிக்கொள்ளும்.

ரோடியத்துக்கு இயற்கையில் ஒரே நிறைதான்: 103. ஆகவே 103இல் வரும் அயனிகளை எண்ணினால் ரோடியம். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் பிளாஸ்மா முழுக்க ஆர்கான்; அதன் நிறை 40. செம்பின் நிறை 63. இரண்டும் ஒட்டிக்கொண்டால் 103. செம்பு எங்கிருந்து வந்தது? பிரேக் கட்டையிலிருந்து. செம்புத்தூளும் பித்தளை இழையும் கலந்து பிரேக் கட்டை செய்வது வழக்கம். ஒவ்வொரு சிக்னலிலும் அது தேய்ந்து தூசாகிறது. மண்ணிலிருந்து வரும் ஸ்ட்ரான்ஷியத்தின் 87உம் ஆக்சிஜனின் 16உம் சேர்ந்தாலும் 103தான்.

எல்லாவற்றையும் தூக்கி அடிப்பது ஈயம். அதன் ஒரு ஐசோடோப்பின் (ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறை வடிவங்களில் ஒன்றின்) நிறை 206. சரி, 206க்கும் 103க்கும் என்ன உறவு? கருவி உண்மையில் அளப்பது நிறையை அல்ல, நிறையை மின்னூட்டத்தால் வகுத்த ஈவை. பெரும்பாலான அணுக்கள் பிளாஸ்மாவில் ஒரு எலக்ட்ரானை மட்டும் இழக்கும். ஈயத்தில் மிகச் சொற்பமான அணுக்கள் இரண்டை இழந்துவிடும். 206ஐ இரண்டால் வகுத்தால் 103. ஈயம் ரோடியமாக வேடம் போட்டாயிற்று.

சொற்பம்தானே என்று விட முடியாது. சாலைத் தூசில் பத்து லட்சத்தில் 100 பங்கு ஈயம் இருப்பதாகவும், அதில் ஆயிரத்தில் ஒரு அணு மட்டும் இரட்டை மின்னூட்டம் பெறுவதாகவும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூறு கோடியில் பத்துப் பங்கு உண்மையான ரோடியம் இருந்தால், அதற்குச் சற்று மேலாகவே போலி ரோடியம் வந்து நிற்கிறது. பிளாட்டினத்துக்கும் ரோடியத்துக்கும் வழிவிட்டுத்தான் ஈயம் பெட்ரோலைவிட்டுப் போனது. அது போன பிறகும் சாலையோர மண்ணில் ஊறிக் கிடக்கும் மிச்சம், ரோடியத்தின் கணக்கேட்டிலேயே வந்து பொய்க் கையெழுத்துப் போடுகிறது.

ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்பார்கள். இங்கே இரண்டும் ஒரே வாசலில் ஒரே வேடத்தில் நிற்கின்றன. (பழமொழியின் ஈயம் ரசம் வைக்கிற ஈயச் சொம்பின் வெள்ளீயமாகவும் இருக்கலாம், நம் வழக்கில் இரண்டுக்கும் ஒரே பெயர். நான் பேசுவது காரீயம்.)

சாயத்தை வெளுக்கச் சில வழிகள் உண்டு. எனக்குப் பிடித்தது இது. ஈயத்துக்கு 207 என்ற ஐசோடோப்பும் உண்டு. அதுவும் இரண்டு எலக்ட்ரானை இழந்தால் 103.5இல் வந்து நிற்கும். அந்த அரை எண்ணில் வேறு எந்தத் தனிமத்துக்கும் வேலை இல்லை. ஆகவே 103.5இல் எத்தனை அயனி என்று எண்ணினால், ஈயத்தின் 206க்கும் 207க்கும் உள்ள விகிதத்தை வைத்து 103இல் எத்தனை போலிகள் என்று கழித்துவிடலாம். ஆர்கானும் செம்பும் சேர்ந்த ஜோடி இப்படி வாலை விட்டுச் செல்வதில்லை. அதன் நிறை துல்லியமாகப் பார்த்தால் 102.892, ரோடியம் 102.906. கூர்மையான காந்தப்புலக் கருவியில் இந்த வித்தியாசத்தைப் பிரித்துப் பார்க்க முடியும். ஆனால் அதற்காக நுழைவாசலை ஒடுக்க ஒடுக்க, உள்ளே வரும் அயனிகளும் நூற்றில் ஓரிரண்டாகக் குறைந்துவிடும். ஏற்கெனவே ஏழை, அதிலும் நூற்றில் ஒன்றா?

அதனால் பலரும் வேடக்காரர்களை வாசலுக்கே வரவிடாமல் செய்வார்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும் குளோரினைச் சுற்றிக்கொண்டு எதிர் மின்னூட்டம் உள்ள கூட்டாக நிற்கும். செம்பு, ஈயம், ஸ்ட்ரான்ஷியம் போன்றவை நேர் மின்னூட்டத்தோடு இருக்கும். நேர் மின்னூட்டத்தைப் பிடித்துக்கொள்ளும் பிசின் மணிகள் நிரப்பிய குழாய் வழியாகக் கரைசலை ஊற்றினால் அவை மணிகளில் மாட்டிக்கொள்ளும். விலையுயர்ந்தவர்கள் கீழே இறங்கி வந்துவிடுவார்கள்.

பிளாட்டினத்துக்கும் ஒரு நிழல் உண்டு: ஹாஃப்னியம். அது ஆக்சிஜனோடு சேர்ந்தால் 194, 195 என்று பிளாட்டினத்தின் எண்களிலேயே விழும். சிர்கோனியம் இருக்கும் இடத்தில் எல்லாம் ஹாஃப்னியமும் இருக்கும். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் சிர்கான் மணல் அள்ளுகிறார்களே, அது போன்ற கடலோர ஊரின் தூசில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருக்கும். சிர்கானுக்கு ராஜ திராவகமெல்லாம் பொருட்டே இல்லை என்பது ஒரு வசதி; கரையாமல் கிடந்தால் ஹாஃப்னியமும் வெளியே வராது. ஆனால் முழுவதையும் கரைக்காவிட்டால் பிளாட்டினத்திலும் ஒரு பகுதி அடியில் தங்கிவிடுமோ என்ற சந்தேகம் போகாது. பல்லேடியத்தின் நிலை இன்னும் மோசம். அதன் ஒவ்வொரு ஐசோடோப்பின் மேலும் காட்மியம், சிர்கோனிய ஆக்சைடு, இட்ரியம் ஆக்சைடு, மறுபடியும் செம்பு என்று யாராவது உட்கார்ந்திருப்பார்கள். பழைய ஆய்வுகளில் வரும் பல்லேடியம் எண்களை, எப்படிப் பிரித்தார்கள் என்று படிக்காமல் நான் நம்புவதில்லை.

கையாளும்போது கொஞ்சம் சிந்தினால்? அதற்கொரு அழகான வழி இருக்கிறது. ஒரு குதிரில் வெள்ளை எள் எவ்வளவு இருக்கிறது என்று தெரியவில்லை. எண்ணி வைத்த ஆயிரம் கறுப்பு எள்ளை அதில் கொட்டி நன்றாகக் கலக்குங்கள். பிறகு ஒரு கைப்பிடி எடுத்து, கறுப்பு ஒன்றுக்கு வெள்ளை எத்தனை என்று பார்த்தால் போதும். கலந்த பிறகு பாதி சிந்தினாலும் விகிதம் மாறாது. தூசைக் கரைக்கும் முன்பே, இயற்கையில் அபூர்வமான ஒரு பிளாட்டினம் ஐசோடோப்பை எடை போட்டுச் சேர்த்துவிடுவதும் இதேதான். இந்த வழிக்குக் குறைந்தது இரண்டு ஐசோடோப்பு வேண்டும். ரோடியத்துக்கு 103ஐ விட்டால் வேறு கதி கிடையாது. ஆகவே இந்த உதவியும் அதற்கு இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் கிடைத்த எண் சரியா என்று பார்க்க, விடை தெரிந்த தூசு ஒன்று வேண்டும். ஐரோப்பிய ஆய்வுக்கூடங்கள் ஆஸ்திரியாவின் ஒரு சாலைச் சுரங்கத்தில் திரட்டிய தூசைச் சலித்து, பலர் பல வழிகளில் அளந்து, பிசிஆர்-723 என்று பெயரிட்டுக் குப்பியில் அடைத்து வைத்திருக்கின்றன. நூறு கோடியில் பிளாட்டினம் சுமார் 81 பங்கு, ரோடியம் 13, பல்லேடியம் 6. தொண்ணூறுகளின் கார்கள் அந்தக் குப்பிக்குள் இருக்கின்றன. அப்போது கன்வெர்ட்டரில் பிளாட்டினம்தான் அதிகம். பிறகு பெட்ரோல் கார்களில் பல்லேடியம் கை ஓங்கியது. பிராங்க்பர்ட் தெருக்களில் பின்னாளில் எடுத்த காற்றில் பல்லேடியம் பிளாட்டினத்தைவிடச் சில மடங்கு அதிகம்.

சரி, இதைச் சுவாசித்தால் என்ன? ஒருவர் நாளுக்குப் பதினைந்து கன மீட்டர் காற்றை இழுக்கிறார் என்றால், ஐந்து பிக்கோகிராம் கணக்கில் எழுபது வயதுவரை உள்ளே போகும் பிளாட்டினம் இரண்டு மைக்ரோகிராம்கூட இல்லை. சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தின் ஒரே தவணையில் அதைப் போலப் பல்லாயிரம் மடங்கு பிளாட்டினம் நரம்பில் ஏறுகிறது. உலோகமாக இருக்கும்வரை பிளாட்டினம் சாது. அதன் குளோரின் உப்புகள் அப்படியல்ல. பிளாட்டினம் சுத்திகரிக்கும் ஆலைகளில் தொழிலாளர்களுக்கு அவை ஆஸ்துமா வரவழைத்ததை 1945இலேயே மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். கரையும் பிளாட்டினம் உப்புகளுக்கு அமெரிக்கத் தொழிற்கூட வரம்பு கன மீட்டருக்கு இரண்டு மைக்ரோகிராம். நம் சாலைக் காற்றில் இருப்பது அதில் நான்கு லட்சத்தில் ஒரு பங்கு, அதுவும் பெரும்பாலும் உலோகமாகவோ ஆக்சைடாகவோ. அதே காற்றில் வரும் கரித்தூளை வைத்துப் பார்த்தால், இதற்காக யாரும் தூக்கம் கெட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். பல்லேடியம் மட்டும் மண்ணிலும் நீரிலும் மற்ற இரண்டைவிட எளிதாகக் கரைந்து செடிகளுக்குள் போகிறது. கவனம் அங்கே இருப்பது நியாயம்.

இந்த உலோகங்கள் எவ்வளவு தூரம் போயிருக்கின்றன என்பதைக் காட்டியது கிரீன்லாந்துப் பனி. கார்லோ பார்பான்டே என்ற இத்தாலிய வேதியியலாளரும் சக ஆய்வாளர்களும் 2001இல் வெளியிட்ட கட்டுரை, தொண்ணூறுகளில் விழுந்த பனியில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஏழாயிரம் ஆண்டுப் பழைய பனிக்கட்டியில் இருந்ததைவிட 40 முதல் 120 மடங்குவரை கூடியிருந்ததைக் காட்டியது. கார் ஓடாத இடம் அது. ஆனால் கார்தான் காரணம் என்று அதை வைத்து மட்டும் சொல்லிவிட முடியுமா? உலோகத்தைத் தோண்டி உருக்கும் ஆலைகளும் புகை விடுகின்றனவே.

இங்கேதான் இவற்றின் அண்ணன் ஆஸ்மியம் சாட்சி சொல்ல வருகிறது. ஆஸ்மியத்தில் 187, 188 என்ற இரண்டு ஐசோடோப்புகளின் விகிதம் சாதாரண மண்ணில் 1.2க்கு மேல். பூமியின் ஆழத்திலிருந்து எழுந்த தென்னாப்பிரிக்கப் பிளாட்டினத் தாதுவில் 0.2க்கும் கீழே. பாஸ்டன் நகரக் காற்றுத் தூசிலேயே இந்தத் தாழ்ந்த விகிதத்தின் சாயல் தெரிந்தது. பிறகு 2009இல் டார்ட்மவுத் கல்லூரியின் முகுல் சர்மாவும் சகாக்களும் பல கண்டங்களின் மழையையும் பனியையும் அண்டார்டிகா உட்பட எடுத்துப் பார்த்தார்கள். எங்கும் விகிதம் தாதுவின் பக்கமே சாய்ந்திருந்தது. தாதுவை வறுத்து உருக்கும்போது ஆஸ்மியம் ஆக்சிஜனோடு சேர்ந்து, 130 டிகிரியிலேயே கொதிக்கும் டெட்ராக்சைடாகி உலைப்புகையில் ஏறிவிடுகிறது. பிளாட்டினம் கன்வெர்ட்டருக்குப் போகும் வழியில், அவ்வளவாக யாரும் வாங்காத அதன் உடன்பிறப்பு, கார் விற்பனைக்கு வருவதற்கு முன்பே உலகத்து மழையில் கலந்துவிட்டிருந்தது. மழையில் இருந்த ஆஸ்மியத்துக்குச் சைலன்சர்களைவிட உருக்காலைகளே பெரிய காரணம் என்று அந்தக் கட்டுரை கணக்கிட்டது.